வரப்போரம் நின்ற ஷூக்கள்

(ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஆனந்தமேரி அவர்களுக்குத் திண்டுக்கல்லில் நடந்த நினைவேந்தல் கூட்டத்தில், அவருடைய பழைய மாணவியும் கல்லூரி விரிவுரையாளருமான தமிழ்மதி பேசியது.)

இல்லை. இறந்தபோது அவர் காலில் செருப்பு இருந்தது.

நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. பேருந்து நிலையத்தில், செம்பட்டி பஸ் நிற்கும் இடத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மருத்துவர் சொன்னது இதயம். பாதம் அல்ல. பாதத்தில் ஒரு கீறல்கூட இல்லை. நான் பார்த்தேன்.

இதை முதலில் சொல்லிவிட வேண்டியிருந்தது. காலையிலிருந்து வாசலில் பலர் கேட்டுவிட்டார்கள். கேட்காதவர்களும் அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். வெறுங்காலோடு அலைந்து அலைந்தே போய்விட்டார் என்று. இல்லை.

இப்போது வணக்கம் சொல்கிறேன்.

தலைமை ஏற்றிருக்கும் முன்னாள் தலைமையாசிரியை இஞ்ஞாசியம்மாள் அவர்களே. பங்குத்தந்தை அவர்களே. ஆனந்தமேரி டீச்சரின் விசில் சத்தத்துக்கு நடுங்கி வளர்ந்த பழைய மாணவிகளே. காலைப் பூப்பறிப்பை முடித்துவிட்டு செம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் அக்காமார்களே. பின்வரிசையில் தூணோரம் உட்கார்ந்திருக்கும் சங்கிலி அண்ணன் அவர்களே. அனைவருக்கும் வணக்கம்.

சங்கிலி அண்ணன் பெயரை ஏன் தனியாகச் சொன்னேன்? வருகிறேன்.

இந்த மன்றத்துக்குள் நாம் அநேகமாக எல்லோரும் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறோம். வாசலில் கழற்றிவிட்டு வந்தோம். கழற்றுங்கள் என்று யாராவது சொன்னார்களா? பலகை வைத்திருக்கிறார்களா? இல்லை. உள்ளே டீச்சரின் படம். மெழுகுவத்தி. மாலை. கால் தானாகக் கழற்றியது. நம் ஊர்க் கால்கள் அப்படிப் பழகியவை. மரியாதை என்று தோன்றினால் கழற்றும்.

ஆனந்தமேரி டீச்சர் மோதியது இந்தப் பழக்கத்தோடு. செருப்பு வாங்க முடியாத வறுமையோடு மட்டும் அல்ல. இதை அவரும் தாமதமாகத்தான் புரிந்துகொண்டார்.

நாகஜோதி அக்கா முன்வரிசையில் இருக்கிறார். அவரைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டுவிட்டுத்தான் மேடை ஏறினேன். "பேசுத்தா. என்னயவா பேசப் போற, எங் காலப் பத்தித்தான பேசப் போற" என்றார்.

நாகஜோதி அக்கா பள்ளியில் ஓட்டக்காரி. டீச்சர் கண்டுபிடித்த ஓட்டக்காரி. படிப்பு நின்றது, ஓட்டமும் நின்றது. கல்யாணம், பிள்ளைகள், சோலைமுத்து அண்ணனின் மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிப்பு. பிறகு சர்க்கரை. போன வருடத்துக்கு முந்தைய மார்கழியில் அவர் காலில் ஒரு கருவேல முள் ஏறியது. ஏறியது அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரை அந்தக் காலின் உணர்ச்சியை அதற்கு முன்பே எடுத்துவிட்டிருந்தது. தெரிந்தபோது விரல் கறுத்திருந்தது. சோலைமுத்து அண்ணன்தான் தன் வண்டியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பெருவிரலை எடுத்தார்கள். இனி ஒரு காயம் பட்டால் பாதமே போகும், வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்றார்கள்.

டீச்சர் வார்டுக்குப் போனார். கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். ஒரு ஓட்டக்காரியின் காலை அப்படிப் பார்ப்பது ஒரு விளையாட்டு ஆசிரியைக்கு எப்படி இருந்திருக்கும்?

"செருப்பு வாங்கித் தர ஆளில்லையாடி ஒனக்கு?"

"செருப்பு இருக்கு டீச்சர். வரப்புல கெடக்கும்."

"வரப்புல கெடந்து என்ன பண்ணும்?"

"சாமிக்குப் போற பூவு டீச்சர். செருப்புக் காலோட எறங்கலாமா?"

டீச்சர் தன் செருப்பைக் கழற்றி நாகஜோதி அக்காவின் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "நீ ஷூவோட தோட்டத்துக்குள்ள எறங்குற அன்னைக்கி நான் செருப்புப் போடுறேன்" என்றார். வெறுங்காலோடு வெளியே வந்தார்.

இப்படித்தான் தொடங்கியது. திட்டம் இல்லை. அமைப்பு இல்லை. பெயர்கூட இல்லை.

நான் அதை எதிர்த்தேன். காரணம் என் அப்பா. அப்பா பள்ளிக்கூடம் போன வழியில் ஒரு தெரு இருந்தது. அந்தத் தெரு முனையில் எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். தெருவைத் தாண்டிய பிறகு போட்டுக்கொள்ளலாம். அப்பாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. இன்றுவரை செருப்பைக் கையில் எடுக்க மாட்டார். நடுவழியில் வார் அறுந்தால் அங்கேயே விட்டுவிட்டு நடப்பார். வெறுங்காலை ஒரு போராட்டமாக என்னால் பார்க்க முடியவில்லை. அதை டீச்சரிடம் சொன்னேன்.

அவர் சொன்னார்.

"ஒங்கப்பாவ நாலு பேரு கழட்ட வச்சாங்க. என்னய யாரும் வைக்கல. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும் தமிழு. நான் போட்டுக்கிட்டா நாகஜோதி காலு ஆறிருமா?"

"ஆறாது டீச்சர்."

"கழட்டுனா?"

"அப்பவும் ஆறாது."

"ரெண்டுலயும் ஆறல. கழட்டுனா நாலு பேரு என்னன்னு கேப்பாங்க. போட்டா ஒருத்தன் கேக்க மாட்டான்."

ஆனால் யாரும் கேட்கவில்லை. அதுதான் வேடிக்கை.

தை மாதம். பழனிக்கு நடப்பவர்கள் செம்பட்டிச் சாலையை நிறைத்துக்கொண்டு போகிறார்கள். பச்சை வேட்டி, காவடி, வெறுங்கால். அந்தச் சாலையில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் வெறுங்காலோடு நடந்தால் என்ன நினைப்பார்கள்? வழிவிட்டார்கள். பந்தலில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். ஒருவர் காலைத் தொட்டுக் கும்பிட்டே விட்டார். கழுத்தில் சிலுவை கிடந்ததை யாரும் பார்க்கவில்லை.

"யாருக்கும்மா வேண்டுதல்?" என்று பந்தலில் ஒரு பெண் கேட்டிருக்கிறார்.

"நாகஜோதிக்கு."

"எந்த ஊரு அம்மன்? சக்தி உள்ளதா?"

"உள்ளதுதான். இப்ப கால்ல கட்டுப் போட்டு ஆஸ்பத்திரில படுத்திருக்கா."

அந்தப் பெண் ஒரு நொடி திகைத்து, பிறகு சிரித்து, பிறகு முழுக் கதையையும் கேட்டிருக்கிறார். அங்கேதான் டீச்சர் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். வெறுங்கால் இந்தப் பக்கத்தில் ஒரு கேள்வி அல்ல. அது ஒரு பதில். வேண்டுதல் என்ற பதில். அந்தப் பதிலை ஒவ்வொருவரிடமும் உடைத்தால்தான் கேள்வி பிறக்கும். அதன் பிறகு அவர் மௌனமாக எங்கும் நடந்ததில்லை. பேசிக்கொண்டே நடந்தார்.

ஷூக்கள் வரத் தொடங்கின. பூப்பறிப்பவர்களுக்கு ஷூ வேண்டும் என்று நான் கைபேசியில் செய்தி போட்டிருந்தேன். வந்தவற்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். கல்யாணத்துக்கு ஒரு நாள் போட்ட பளபளப்பு ஷூ. குதிகால் உயர்ந்த செருப்பு. மிதித்தால் விளக்கு எரியும் குழந்தை ஷூ. ஓர் ஒற்றை ஷூ. அனுப்பியவர் மற்றதைத் தேடுவதாகச் சொன்னார். இன்னும் தேடுகிறார். அவரும் இங்கே வந்திருக்கிறார்.

தோட்டத்துப் பெண்கள் அவற்றைத் தொடவில்லை. பீடை கழிய வேண்டும் என்று பழைய செருப்பைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு வருகிற ஊர் இது. "அடுத்தவங்க சனியன எதுக்கு டீச்சர் எங்க கால்ல மாட்டிவிடுறீங்க?" என்று பக்கத்துத் தோட்டத்தில் பறிக்கும் ஒச்சம்மாள் அக்கா கேட்டார்.

எனவே புதியது வேண்டும். திண்டுக்கல் கடைவீதியில் ஷூ கடை வைத்திருக்கும் ஸ்டீபன்ராஜிடம் போனார். கல்லாவுக்கு எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். வெறுங்காலை நீட்டி உட்கார்ந்தார். ஷூ கடையில். வருகிறவர்கள் எல்லாம் அவர் காலைப் பார்த்துவிட்டு, "இந்தம்மா அளவுக்கு இல்லையாப்பா?" என்று ஸ்டீபன்ராஜைக் கேட்டார்கள். மதியம்வரை பொறுத்தார் அவர்.

"டீச்சர், நீங்க எனக்கு வெளம்பரமா வில்லங்கமா?"

"நீ எப்படி வச்சுக்கிறியோ அப்படி."

கணுக்கால் மூடும் ரப்பர் ஷூக்கள், ஒரு பெட்டி. புதியவை. அவரே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். ஸ்டீபன்ராஜ், தலையைக் குனிய வேண்டாம். நல்ல காரியத்தைத்தான் சொல்கிறேன்.

மறுநாள் காலை டீச்சரும் நானும் சோலைமுத்து அண்ணன் தோட்டத்துக்குப் போனோம். பெண்கள் எல்லோரும் ஷூ போட்டுப் பார்த்தார்கள். ஒருவர் காலை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நடந்து காட்டினார்கள். பிறகு தோட்டத்தின் வரப்புக்கு வந்தார்கள். நின்றார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து கழற்றினார்கள். வரப்போரம் ஜோடி ஜோடியாக நிறுத்திவைத்தார்கள். உள்ளே இறங்கினார்கள்.

வெயில் ஏறும்வரை அந்த ஷூக்கள் அப்படியே நின்றன. புதியவை. ஒரே வரிசை. உள்ளே யாருமில்லாத ஷூக்கள். தோட்டத்துக்குள் வெறும் பாதங்கள். முள். பாம்புக்குப் பொந்து. நாகஜோதி அக்கா அன்று தோட்டத்துக்கு வரவில்லை, வர முடியாது. அதாவது வேலை இல்லை. ஷூ இல்லாமல் இறங்கினால் கால் போகும். ஷூவோடு இறங்கினால் வேலை போகும். இதுதான் அவர் முன்னால் இருந்தது. வேறெதுவும் இல்லை.

டீச்சர் சோலைமுத்து அண்ணனிடம் சண்டைக்குப் போனார்.

"சந்தைக்குப் போற பூவுல எது சாமிக்கு, எது பொணத்துக்குன்னு எழுதியா இருக்கு?"

சோலைமுத்து அண்ணன் கோபப்படவில்லை. "பறிக்கும்போது எல்லாம் சாமிக்குத்தான் டீச்சர். அப்பறம் அது அதுபாட்டுக்குப் போகும்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் டீச்சர் அந்த வாக்கியத்தையே சொல்லிக்கொண்டு வந்தார். பறிக்கும்போது எல்லாம் சாமிக்குத்தான். "நல்லாத்தான் சொல்றான்" என்றார். அதன் பிறகு அவர் அந்தப் பழக்கத்தைக் கேலி செய்ததே இல்லை. அதற்குள் ஒரு வழி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

சித்திரை வந்தது. தார் இளகியது. அவர் நிழல் பார்த்து, ஓரத்து மண் பார்த்து நடந்தார். ஆடி வந்தது. நாகஜோதி அக்கா வீட்டில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். பறிப்பவர் கட்டுபவரானார். அவரால் அந்த வேலையில் நிலைக்க முடியவில்லை. "நடக்குறவள ஒக்கார வச்சுட்டாங்க டீச்சர்" என்றார்.

பிறகு ஆயுத பூசை.

சோலைமுத்து அண்ணன் டீச்சரையும் அழைத்திருந்தார். மோட்டார் அறைக்கு முன்னால் மண்வெட்டி, அரிவாள், மருந்தடிக்கும் மிஷின். டிராக்டருக்குக் குளிப்பாட்டு முடிந்து, டயர்களுக்குச் சந்தனம், குங்குமம். டீச்சர் டயருக்கு முன்னால் போய் நின்றார்.

"இந்த டயரு எங்கெல்லாம் போகும் சோலைமுத்து?"

"எல்லா எடத்துக்கும் போகும் டீச்சர். சந்தைக்கு, பெட்ரோல் பங்குக்கு."

"சாக்கடையில எறங்குமா?"

"எறங்காம? ரோடு அப்படி."

"தோட்டத்துக்குள்ள?"

சோலைமுத்து அண்ணன் டயரைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து நாகஜோதி அக்காவின் குரல்.

"எங்காலுக்கும் ஒரு பொட்டு வச்சு விடுங்கண்ணே. டயருன்னு நெனச்சுக்கங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சோலைமுத்து அண்ணன் சிரிக்கவில்லை. மோட்டார் அறைக்குள் போனார். பெட்டியோடு கிடந்த ஷூக்களை எடுத்து வந்தார். மண்வெட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார்.

"கழுவி வைக்கணும். வெளிய மிதிக்கக் கூடாது. தோட்டத்துக்குள்ள மட்டுந்தான். வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது" என்றார். பிறகு ஒவ்வொரு ஷூவின் மூக்கிலும் குங்குமம் வைத்தார்.

செருப்பு கருவியானது. அவ்வளவுதான். பழக்கத்தை யாரும் உடைக்கவில்லை. அதற்குள் இடம் கேட்டார்கள், கிடைத்தது.

மறுநாள் காலை நாகஜோதி அக்கா முதல் ஆளாக இறங்கினார். பாத்திக்குள் நின்றுவிட்டார்.

"என்னமோ மாதிரி இருக்கு டீச்சர்."

"என்ன மாதிரி?"

"நல்ல காலுக்கும் மண்ணு தெரியல."

"முள்ளும் தெரியாதுல்ல. நட."

நடக்கவில்லை. டீச்சர் பையிலிருந்து விசிலை எடுத்தார். ஊதினார். மல்லிகைத் தோட்டத்துக்கு நடுவில், ஓய்வுபெற்று இத்தனை வருடம் கழித்து, அதே விசில். நாகஜோதி அக்காவின் கால்கள் யோசிக்காமல் கிளம்பின. இந்த மன்றத்தில் அந்த விசிலுக்குக் கிளம்பாத கால் எது?

அன்று மதியம் டீச்சர் செம்பட்டியில் நீல வார் வைத்த ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அந்தத் தோட்டத்தில் அதன் பிறகு ஒரு காலிலும் முள் ஏறவில்லை. ஷூக்கள் மோட்டார் அறைச் சுவரில் ஆணியில் தொங்குகின்றன. காலையில் இறங்கும், வேலை முடிந்ததும் ஏறும். பூ பழனிக்கும் போகிறது, சந்தைக்கும் போகிறது, அதுபாட்டுக்குப் போகிறது.

இனி சங்கிலி அண்ணன்.

சோலைமுத்து அண்ணன் தோட்டத்துக்கும் சங்கிலி அண்ணன் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான். வேலிக்கு இந்தப் பக்கம் ஷூ. அந்தப் பக்கம் வெறுங்கால். அந்தப் பக்கத்தில் பறிப்பவர் ஒச்சம்மாள் அக்கா. அவருக்கும் சர்க்கரை. அவர் குதிகாலில் இப்போதே ஒரு வெடிப்பு ஆறாமல் இருக்கிறது.

டீச்சர் சங்கிலி அண்ணனிடம் பலமுறை போனார். அண்ணன் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. உட்காரச் சொல்வார், மோர் கொடுப்பார். "மனசு ஒப்பல டீச்சர்" என்பார். பொய் சொல்லவில்லை. மனசு ஒப்பவில்லை என்பதை நேராகச் சொல்பவரிடம் நமக்கு என்ன கோபம்?

போன புதன்கிழமை டீச்சர் எனக்குப் போன் செய்தார்.

"தமிழு, ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் மறுபடி கழட்டப் போறேன். ஒச்சம்மாளுக்கு."

"வெயில் டீச்சர். மழைக்கு அப்பறம் பாக்கலாம்."

"வெயிலு எனக்கு மட்டுமா அடிக்குது?"

வெள்ளிக்கிழமை, சங்கிலி அண்ணனை இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று பஸ் நிலையத்துக்குப் போனார். மீதி உங்களுக்குத் தெரியும். அதனால்தான் முதலில் சொன்னேன். இறந்தபோது அவர் காலில் செருப்பு இருந்தது. அதைக் கழற்ற வேண்டிய நாள் அப்போது வந்திருக்கவில்லை.

டீச்சரின் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். நன்றி. ஆனால் எதைத் தொடர்வோம்? உங்களை வெறுங்காலோடு நடக்கச் சொல்ல மாட்டேன். சர்க்கரை உள்ளவர்கள் வீட்டுக்குள்கூடக் கழற்ற வேண்டாம். இந்த மன்றத்துக்குள்ளும் வேண்டாம். டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டார். நீங்கள் தரக்கூடியது புதிய ரப்பர் ஷூ. கணுக்கால் மூடுவது. இரண்டு காலுக்கும்.

நான் தொடரப்போவது ஒச்சம்மாள் அக்காவின் குதிகாலை. அந்த ஒன்றை மட்டும்.

சங்கிலி அண்ணன் அவர்களே. டீச்சரின் படத்துக்குப் போட்டிருக்கும் மாலையைப் பாருங்கள். சோலைமுத்து அண்ணன் தோட்டத்து மல்லிகை. இன்று காலை நாகஜோதி அக்கா ஷூ போட்ட காலோடு பறித்த பூ. பங்குத்தந்தை அதற்குச் சாம்பிராணி காட்டினார். நீங்களும் வந்ததும் அதைத் தொட்டுக் கும்பிட்டீர்கள். நான் பார்த்தேன். அந்தப் பூவில் ஏதாவது குறை தெரிந்ததா?

பதில் இப்போது வேண்டாம். நாளைக் காலை உங்கள் தோட்டத்துக்கு வருகிறேன். வரப்பில் நிற்கிறேன். ஒச்சம்மாள் அக்கா ஷூவோடு உங்கள் தோட்டத்துக்குள் இறங்கும்வரை நானும் செருப்புப் போட மாட்டேன். என் அப்பாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அவர் ஒன்றுதான் கேட்டார். "யாரும் போடாதேன்னு சொன்னாங்களா?" இல்லை என்றேன். "அப்பச் சரி" என்றார்.

(பின்வரிசையிலிருந்து சங்கிலி: "நாளைக்கு வேணாம்த்தா. நாளைக்கு மருந்தடிக்கிறேன், காலு பொத்துப் போகும். நாளன்னைக்கி வா. வரும்போது அந்த ஷூவுல ஒரு ஜோடி எடுத்துட்டு வா, பாப்போம்.")

சரிங்கண்ணே. நாளன்றைக்கு.

ஆனந்தமேரி டீச்சர், கேட்டதா?

(கூட்டம் முடிந்ததும் தமிழ்மதி ஸ்டீபன்ராஜிடம் ஒச்சம்மாளின் கால் அளவைச் சொன்னார். வாசலில் கிடந்த தன் செருப்பைக் கையில் எடுக்கவில்லை. அங்கேயே விட்டுவிட்டு, நாகஜோதியோடு பேருந்து நிலையத்துக்கு நடந்தார்.)